உள்ளே மடித்த துணி

அந்தக் காக்கி பேன்ட்டின் இடுப்பை டெய்லரக்கா மூன்று தடவை பிடித்துத் தைத்தாள். மூன்று தடவையும் மிஞ்சிய துணியை வெட்டவில்லை. உள்ளுக்குள்ளேயே மடித்து, படிய இஸ்திரி போட்டு, மேலே ஒரு தையல் ஓட்டிவிட்டாள். தடிமனாக இருக்கிறது, உட்கார்ந்தால் முதுகில் உறுத்துகிறது என்று தம்பி முனகினான். உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள். வெட்டினது வெட்டினதுதான், மடித்து வைத்தது என்றைக்காவது பிரித்துவிட உதவும். காலமெல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விடாமல் தைக்கிற டெய்லரை எந்தத் தாய் மறுபடி தேடி வருவாள்?

ஆனால் இங்கே வளர வேண்டியவன் தலையில் நரை எட்டிப் பார்க்கிற ஆள்.

தெருவில் அவனுக்குக் குண்டு என்று பெயர். சின்ன வயதில் கன்னம் இரண்டும் தொங்க, தொடை உரச நடந்தவன். வளர்ந்து கேஸ் ஏஜென்சியில் சேர்ந்து, நிறைந்த சிலிண்டரைத் தோளில் ஏற்றி மாடிமாடியாக ஏறத் தொடங்கியதும் ஊளைச்சதை எல்லாம் கரைந்து திரண்டு நின்றான். பெயர் மட்டும் கரையவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று தட்டிக்கழித்துவிட்டு அக்கா வீட்டுப் பின்னறையில் கிடந்தான். பள்ளி வேன் ஓட்டுகிற அவள் புருஷனுக்கும் அவனுக்கும் மாமன் மச்சான் என்கிற உறவைவிட, சேர்ந்து ஊர்க்கதை பேசுகிற உறவுதான் கெட்டி.

அப்படிப்பட்டவன் உடம்பு ஒரே வருஷத்தில் உருகியது. காய்ச்சல் வரும், போகும். வயிறு போகும், நிற்கும். மருந்துக் கடையில் கேட்டு எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். ஆஸ்பத்திரிக்கு வாடா என்றால், “நாளைக்கு லோடு இருக்குக்கா” என்பான். அவனுக்கு எந்த நாளைக்குத்தான் லோடு இல்லை!

வேலைக்கு இடைவெளி விழுந்த கதையை அவனே சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். மேல்மாடியில் ஒரு வீடு. தோளில் சிலிண்டர். கதவைத் திறந்த அம்மாள், “உள்ளே கொண்டு வாப்பா” என்கிறாள். இவன் ஒரு கால் எடுத்து வைக்கிறான், பேன்ட் இடுப்பை விட்டு இறங்குகிறது.

“எதைக்கா விடறது? சிலிண்டரை விட்டா உயிர் போகும், பேன்ட்டை விட்டா மானம் போகும். ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு அந்தம்மா முன்னாடி அப்படியே உட்கார்ந்துட்டேன்.”

கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெய்லரக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஏஜென்சி முதலாளி கெட்டவர் இல்லை. “உடம்பைப் பார்த்துக்கிட்டு வா. உன் இடத்துல வேற ஆள் போட மாட்டேன். பேன்ட் பழையபடி இடுப்புல நின்ன அன்னிக்கு வா, சிலிண்டரை நானே தூக்கி உன் தோள்ல வைக்கிறேன்” என்று அனுப்பினார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்காவும் தம்பியும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. என்றார்கள். எங்கே, எப்போது, யாரால் என்று டெய்லரக்கா கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது என்னவோ உண்மை. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரித் தரையைக் கால் பெருவிரலால் நோண்டியதைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டாள். தெருவில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தார்கள். வேன்காரரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். “அவன் தட்டை எல்லாம் தனியா எடுத்து வைக்காதே. அவன் கவனிப்பான்” என்றார். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

சிகிச்சைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தைத் தாண்டி இருந்தது. ஒரு ஹால், ஒரு டாக்டர் அறை, ஒரு மாத்திரை ஜன்னல். எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது ஒரு நர்ஸ். குரல் கரகரவென்று இருக்கும், ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டில் யார் யார், யார் சண்டை போடுகிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்பது வரை தெரியும்.

“உடம்புல காவல் காக்கிற அணுக்கள் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்” என்று குண்டுவைப் பார்த்துச் சொன்னாள். “சரி, வந்தாச்சு. தினம் ஒரு மாத்திரை. விடாம போட்டா எழுந்துடலாம். எத்தனையோ பேர் எழுந்திருக்காங்க. முதல் கொஞ்ச மாசம்தான் பல்லைக் கடிச்சுக்கணும்.”

சளியைச் சோதித்தார்கள், டிபி இல்லை என்று வந்தது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், அதுவும் பரவாயில்லை என்றது. வயிற்றை ஸ்கேன் எடுக்கிற மெஷின் போன மழைக்காலத்திலிருந்து துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. அதற்கு ஒரு சாமான் வர வேண்டுமாம். அது எங்கிருந்து வரும், யார் அனுப்புவார்கள் என்று கேட்டால் நர்ஸ் மேலே கூரையைக் காட்டுவாள்.

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். கூட்டமோ ஹாலை அடைத்துக்கொண்டு வாசல் படிவரை நிற்கும். எல்லோரையும் பார்க்க அவருக்கு நாலு கண்ணும் எட்டுக் கையும் வேண்டும். அதனால் அவரும் நர்ஸும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வந்ததும் எடை மெஷினில் ஏற வேண்டும். எடை குறைந்திருந்தால் சுவரோரம் போட்ட நீள பெஞ்சில் உட்கார வேண்டும், டாக்டர் பார்ப்பார். எடை ஏறியிருந்தால் நேராக ஜன்னலுக்குப் போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இருக்கிற ஒரே டாக்டரைச் சாகக் கிடக்கிறவர்களுக்கு ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேறு எப்படித்தான் செய்வது?

குண்டு அந்தப் பெஞ்சுக்குப் பாசஞ்சர் என்று பெயர் வைத்தான். ஜன்னல் வரிசை எக்ஸ்பிரஸ். முதல் தடவை போனபோது எடை இறங்கியிருந்தது. பாசஞ்சரில் அவன் பக்கத்தில் ஒரு பெரியவர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். இருவரும் பெஞ்சில் ஒவ்வொரு ஆளாக நகர்ந்து நகர்ந்து மதியத்துக்கு மேல் டாக்டர் அறையை அடைந்தார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், “மாத்திரையை விடாதீங்க” என்றார். அடுத்த ஆள் அதற்குள் கதவில் நின்றான்.

“பெஞ்சுல தேய்ச்ச தேய்ப்புக்குப் பேன்ட் அடி ஓட்டையாயிருக்கும்” என்றான் குண்டு, வெளியே வந்து.

“ஓட்டையானா ஒட்டுப் போட்டுத் தரேன்டா. நீ எடையை ஏத்து.”

அவன் ஏற்றினான். அதுதான் கொடுமை.

மாத்திரை வயிற்றில் தங்க ஆரம்பித்ததும் பசி வந்தது. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவன், “இன்னும் கொஞ்சம் போடுக்கா” என்று தட்டை நீட்டினான். டெய்லரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை எடை மெஷினின் முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. நர்ஸ் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். “ஏறியிருக்கு! போங்க, ஜன்னலுக்குப் போங்க.” குண்டு பெஞ்சில் இருந்த குடைக்காரரைப் பார்த்துக் கையசைத்தான்.

“உனக்கென்னப்பா, எக்ஸ்பிரஸ்” என்றார் அவர். அவருக்கு அன்றைக்கும் எடை இறங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் டெய்லரக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. தைக்க வேண்டிய பிள்ளைகள் துணி மலைமாதிரிக் குவிந்திருக்க, அதை அப்படியே ஒதுக்கிவிட்டுக் காக்கி பேன்ட்டை எடுத்தாள். கடைசியாகப் போட்ட தையலைப் பிளேடு நுனியால் நெம்பி நெம்பிப் பிரித்தாள். நூல் பொட்டுப் பொட்டென்று விட்டுக்கொடுக்க, உள்ளே மடித்திருந்த துணி மெல்ல வெளியே வந்தது. இத்தனை நாள் வெளிச்சம் படாததால் அந்தப் பட்டை மட்டும் புதுத்துணி நிறத்தில் இருந்தது. துணி தைப்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம் உண்டு. தைத்ததைப் பிரிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு தினமும் அளவெடுத்தாள். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை அதுதான். டேப் ஏறிக்கொண்டே போயிற்று. எதிர்வீட்டு அம்மாள் பிள்ளையின் சட்டையைக் கொடுக்க வந்தவள், “காமாலை இறங்கிடுச்சு போல. தொப்பையெல்லாம் போட்டுட்டான் உன் தம்பி” என்றாள். “கண்ணு வைக்காதீங்க” என்றாள் டெய்லரக்கா. வாய் அப்படிச் சொன்னாலும் மனசு குளிர்ந்துபோயிற்று. இரண்டாவது தையலையும் பிரித்தாள்.

சட்டையின் தோள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சட்டைக் கைக்குள் கை குச்சியாக ஆடியது. அதை அவள் பார்க்காமல் இல்லை. ஒருநாள் மேல்கையைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். பழைய அளவிலேயே நின்றது, சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் சிறுத்திருந்தது. ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள். ஆனால் அவள் கைப்பட அளவெடுத்த உடம்புகள் கொஞ்சமா? பிள்ளை பெற்று வந்தவர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள், கல்யாணமாகிப் பூரித்து வந்தவர்கள். யாராக இருந்தாலும் உடம்பு வைத்தால் முதலில் இடுப்பில்தான் வைக்கும். கைக்கும் கழுத்துக்கும் வர நாளாகும். இந்த ஒரு விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் கண்ணைக் கட்டியது.

“கை ஏறலையேக்கா” என்று அவனே கேட்டான்.

“எல்லாம் வரும். வயித்துல வைக்காம எடுத்த எடுப்புல கையிலயா வைக்கும்? நான் பார்க்காத உடம்பா?”

“வயிறு கல்லு மாதிரி இருக்கு. சாப்பிட்டா மூச்சு முட்டுது.”

“காய்ஞ்ச வயிறுடா. திடீர்னு நிறையப் போட்டா அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு.”

அவனுக்கும் அதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சாயங்காலத்தில் மேல் சுட்டதை அவன் வெளியே சொல்லவில்லை. விடியலில் தலையணை நனைந்து கிடந்ததையும் திருப்பிப் போட்டு மறைத்தான். சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், வேலைக்குப் போவது தள்ளிப்போகும் என்று பயம். இதெல்லாம் பிறகு வேன்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. அவரிடமும், “அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, பேன்ட்டைத் திரும்பப் பிடிச்சுடுவா” என்று கேலியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அடுத்த தடவை மெஷின் முள் இன்னும் தள்ளிப் போயிற்று. நர்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பெஞ்சைப் பார்க்க நிறுத்தினாள். “எல்லாரும் இவரைப் பாருங்க. என்ன நிலைமையில வந்தார், இப்ப எப்படி இருக்கார். மாத்திரையை விடாம போட்டா இப்படித்தான்.” பெஞ்சில் இருந்த அத்தனை கண்ணும் அவன் வயிற்றைப் பார்த்தன. குண்டு சிரித்துக்கொண்டு நின்றான். நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது.

டெய்லரக்காவுக்கு அப்போதுதான் மனசு லேசாக இடறியது. “சிஸ்டர், மூச்சு வாங்குதுங்கறான். டாக்டரை ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாமா?”

நர்ஸ் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவர் மடியில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார். ஒரு பெண்ணை இரண்டு பக்கமும் ஆள் தாங்கிக்கொண்டிருந்தார்கள். குடைக்காரர் குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் நெற்றியை வைத்திருந்தார். “இன்னிக்கு இவங்களைப் பார்த்து முடிக்கவே இருட்டிடும்மா. உங்க தம்பிக்கு எடை ஏறுதே. அடுத்த தடவை கண்டிப்பாப் பார்க்கச் சொல்றேன்.”

டெய்லரக்காவும் பெஞ்சைப் பார்த்தாள். அவர்களைத் தள்ளிவிட்டு, ஏறுமுகமாக இருக்கிற தன் தம்பியை முன்னே நிறுத்த எந்த வாயால் கேட்பது? “சரிங்க சிஸ்டர்” என்று ஜன்னலுக்குப் போனாள்.

மூன்றாவது தையலைப் பிரித்த அன்றைக்குப் பேன்ட்டில் மடிப்பே இல்லை. முதன்முதலில் தைத்த ஊசித்தடம், வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளியாய், துணியில் அப்படியே இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே மறுபடி தையல் ஓட்டினாள். பழைய இடுப்பு. பழைய குண்டு. ஹூக் போடும்போது அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு, வாய்விட்டு அழுதுவிட்டாள்.

“என்னக்கா, பேன்ட் நின்னா சிரிக்கணும்” என்றான்.

வேன்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவனை ஏஜென்சி வாசலில் விட்டார். முதலாளி எழுந்து வந்து இடுப்பைத் தட்டிப் பார்த்து, “நின்னுடுச்சே!” என்றார். சொன்ன சொல் தவறாமல் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைக்கப் போனார். காலி சிலிண்டர்தான். குண்டு குனிந்தான். ஹூக் தெறித்து எங்கோ போய் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலாளி பதறி ஷூவைக் கழற்றினார். கணுக்காலில் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்து, பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

டெய்லரக்கா டேப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். கழுத்திலிருந்து கழற்றிவைக்கக்கூடத் தோன்றவில்லை. டாக்டர் வருகிற நாள்தான் அது, அந்த மட்டில் அதிர்ஷ்டம். இந்தத் தடவை எடை மெஷினில் யாரும் ஏறச் சொல்லவில்லை. டாக்டர் அவனைப் படுக்கவைத்து, டெய்லரக்காவைக் கூப்பிட்டார். “உங்க கையோட ஓரத்தை இப்படி வயித்து நடுவுல அழுத்தி வைங்கம்மா.” வைத்தாள். அவர் ஒரு விலாப்பக்கம் விரலால் சுண்டினார். மறுபக்கம் ஒரு அலை போய் இடித்ததை அவள் கையும் உணர்ந்தது. டாக்டர் மறுபடி சுண்டினார். மறுபடி அலை.

“தண்ணி” என்றார் அவர். “இதெல்லாம் தண்ணி.”

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஊசி குத்திக் குழாய் மாட்டி, கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தார்கள். வெளிறிய மஞ்சளில் அது சொட்டிக்கொண்டே இருந்தது. டெய்லரக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாளியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். வாளி ஏறியது, வயிறு இறங்கியது. எதிர்வீட்டு அம்மாள் சொன்ன தொப்பை, நர்ஸ் எல்லோருக்கும் காட்டின எடை, அவள் பிளேடால் நெம்பின ஒவ்வொரு தையலும் அந்த வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது?

குழாயைக் கழற்றிய பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லியும் கை கேட்கவில்லை. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். மூன்றாவது தடவை பிடித்துத் தைத்த நாளில் இருந்ததைவிடக் கீழே நின்றது. இத்தனை நாள் அவன் ஏறவே இல்லை. இறங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

குண்டு கண்ணைத் திறந்தான். “என்ன அளவுக்கா?”

வாய்க்கு வந்த ஒரு பெரிய எண்ணைச் சொன்னாள்.

“பொய். பொய் சொன்னா உடனே டேப்பைச் சுருட்டிடுவ. சின்ன வயசுலேருந்து பார்க்கறேன்.”

அவள் கையைப் பார்த்தாள். டேப் உள்ளங்கைக்குள் சுருண்டு போயிருந்தது.

டாக்டர் வராந்தாவில் நிறுத்தி விளக்கினார். சின்ன வயசுக்காரர், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. “வயித்துக்குள்ள டிபிம்மா. சளியில தெரியாது, நெஞ்சுப் படத்துல தெரியாது. ஸ்கேன் இருந்திருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கும். முன்னாடி உடம்புக்கு எதிர்க்கத் தெம்பில்லை, அதனால அது சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. மாத்திரை உடம்பை எழுப்பி விட்டுடுச்சு. எழுந்த உடம்பு அதோட மல்லுக்கு நிக்குது. தாங்கிக்கிற சக்திதான் இல்லை.”

“அப்ப மாத்திரைதான் கெடுத்துடுச்சா?”

“இல்லம்மா. மாத்திரை இல்லேன்னா எப்பவோ போயிருப்பார். மாத்திரை நல்லதுதான்.” அவருக்கே தான் சொல்வது கேட்க நன்றாக இல்லை போலிருந்தது. “டிபி மருந்து ஆரம்பிச்சிருக்கேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா, பாதி வழி தாங்க மாட்டார்.”

“போன தடவையே நீங்க பார்த்திருந்தா?”

“பார்த்திருந்தா மருந்தைக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருப்பேன். அது போதுமா இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியலம்மா. போன வருஷம் வந்திருந்தா, நிச்சயம்னு சொல்லுவேன்.” அவர் இரண்டு கையையும் விரித்தார். பெஞ்சிலிருந்து யாரோ இருமினார்கள், அவர் போக வேண்டியிருந்தது.

அவரைச் சபிக்கலாம் என்றால் அவர் நிற்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறார். நர்ஸைச் சபிக்கலாம் என்றால் அவள் தினமும் டியூட்டி முடிந்தும் போகாமல் வந்து கட்டிலோரம் நிற்கிறாள். “நானும் முள்ளைத்தான் பார்த்தேன்மா, ஆளைப் பார்க்கல” என்று ஒருநாள் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். டெய்லரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் என்ன பார்த்தேன் சிஸ்டர் என்று கேட்க நினைத்தாள். இப்படி ஒருத்தர்மேலும் கோபப்பட வழியில்லாமல் ஒரு மனுஷி எங்கேதான் போய் முட்டிக்கொள்வாள்?

தண்ணீர் மறுபடி சேர்ந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி சேர்ந்தது. அவனுக்குப் பேச மூச்சுப் போதாமல் ஆயிற்று. வேன்காரர் வந்தால் மட்டும், “மாமா, இன்னிக்கு யாரு வேன்ல வாந்தி எடுத்தான்?” என்று கேட்பான். அவரும் இல்லாத பிள்ளைகளையெல்லாம் வாந்தி எடுக்க வைத்துக் கதை சொல்வார்.

ஒருநாள் மதியம் ஜன்னலுக்கு வெளியே குடைக்காரர் போனார். குடையை ஊன்றாமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம். எடை இறங்கி இறங்கிப் பெஞ்சிலேயே கிடந்ததில், டாக்டர் ஒரு தடவை சந்தேகப்பட்டு அவருக்கு டிபி மருந்தை ஆரம்பித்திருந்தாராம். இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறார். ஜன்னல் வழியே குண்டுவைக் கண்டதும் அவர் முகம் மாறியது. குடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

“பெரியவருக்கு எக்ஸ்பிரஸ் கிடைச்சுடுச்சுக்கா” என்றான் குண்டு. அவன் குரலில் பொறாமை ஒரு பொட்டும் இல்லை. டெய்லரக்காவுக்கு இருந்தது. வயிறெரிய இருந்தது. அந்த மனுஷர் என்ன பாவம் செய்தார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், எரிச்சல் அடங்கவில்லை.

“வீட்டுல அந்தப் பேன்ட்டை என்ன பண்ணின?” என்று அவன் கேட்டான்.

“இருக்கு. ஹூக் மட்டும் வைக்கணும்.”

“வெச்சிடு. முதலாளி காத்துக்கிட்டு இருப்பார்.”

அவன் நம்பித்தான் சொன்னானா, அவளுக்காகச் சொன்னானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் ஹூக் வைத்துக்கொண்டிருந்தபோது வேன்காரர் வந்து வாசலில் வேனை நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கவும் இல்லை. அவள் நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். யூனிஃபார்மை மடித்து எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், அது போதும் என்றான் வார்டு ஊழியன். டெய்லரக்கா கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்த யூனிஃபார்மைப் போட்டுத்தான் அனுப்புவேன் என்று நின்றாள். நர்ஸ் அவனை ஜாடை காட்டி விலகச் சொன்னாள். இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து சட்டையை மாட்டினார்கள். கடைசி நாளில் தண்ணீரை முழுக்க எடுத்திருந்தார்கள். பேன்ட்டை ஏற்றி, புதிதாக வைத்த ஹூக்கைப் போட்டு, கையை எடுத்ததும் அது இடுப்பை விட்டு இறங்கியது.

மானம் போகும் என்று சொல்லிச் சிரித்தவன். டெய்லரக்கா தன் முந்தானை மடிப்பில் எப்போதும் குத்திவைத்திருக்கிற ஊசியை எடுத்தாள். அதில் காக்கி நூலே இருந்தது. இடுப்பை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்தாள். முதல் தடவை பிடித்த அளவு, இரண்டாவது, மூன்றாவது, அதற்கும் உள்ளே. இரண்டு கை நிறையத் துணி மிஞ்சியது.

“ரொம்பத் துருத்திக்கிட்டு இருக்கும்மா” என்றான் ஊழியன். கட்டுப் பிரிக்கிற கத்தரியை நீட்டினான். “வெட்டிட்டுத் தைங்க. இனிமே எதுக்கு?”

அவன் சொன்னதில் தப்பில்லை. டெய்லரக்கா கத்தரியைப் பார்த்தாள். பிறகு மிஞ்சிய துணியை விரலால் நீவி நீவி உள்பக்கமாக மடித்தாள். முதுகில் உறுத்தாதபடி சமமாகப் பரப்பினாள். பிரித்துவிட வாகாக, எப்போதும் போடுகிற அதே நீளத் தையலாகப் போட்டுக்கொண்டே போனாள்.